நாய்க்குப் பயந்த தினகரனும் சிவப்புக் கயிறும்

இரும்புலியூர் தினகரன் நாய்க்குப் பயந்த பயத்தைச் சொன்னால் நாய்களே கூச்சப்பட்டு வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

நாய்க்குப் பயப்படுகிறவர்கள் எல்லாத் தெருவிலும்தான் இருக்கிறார்கள். ஆனால் தாம்பரம் கூப்பிடு தூரத்தில் இருக்க, வழியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது என்பதற்காக ஸ்கூட்டரை நேர் எதிர்த்திசையில் ஓட்டி, வண்டலூர் மிருகக்காட்சிசாலை வாசல் வரைக்கும் போய் அங்கே திரும்பி, சாலையின் மறுபக்கமாகத் தாம்பரம் போய்ச் சேர்ந்த ஆள் அவன் ஒருவன்தான். அங்கே சிங்கமும் புலியும் இருக்கின்றனவே என்று கேட்டால், "அதுங்கல்லாம் கூண்டுக்குள்ள இருக்குதுப்பா. நாய் அப்படியா இருக்குது?" என்பான்.

சின்ன வயதில் ஏரிக்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த ஊசியின் நீளத்தை அவன் இரண்டு கைகளாலும் விரித்துக் காட்டுவான். பள்ளிக்கூடத்தில் காட்டியபோது அது ஒரு சாண் இருந்தது. கல்லூரிக்குப் போனபோது முழமாக வளர்ந்தது. கடை வைத்த பிறகு அவன் ஊசியைக் காட்டத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து இடம்விட வேண்டியிருந்தது.

கல்யாணமே ஒரு நாயால் நின்றுபோகப் பார்த்தது. குரோம்பேட்டை மண்டபத்து வாசலில், கோலத்தின் நட்டநடுவே ஒரு செவலை நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவில்லை. மாப்பிள்ளை இறங்கமாட்டேன் என்கிறாராம் என்று செய்தி உள்ளே போனது. உள்ளே போகப் போக அது சம்பந்தி வீட்டார் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்களாம் என்று பெருத்து, சமையற்கட்டை எட்டியபோது பெண்வீட்டார் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். மாமனார் கை கூப்பியபடி காருக்கு ஓடி வந்தார்.

"மாப்ள, என்ன குறைன்னாலும் சொல்லுங்க. செஞ்சிடறேன்."

"ஒண்ணுமில்ல மாமா. அந்த நாயக் கொஞ்சம்..."

மணமேடையில் சாமுண்டீஸ்வரி தாலிக்குத் தலை குனிந்தபோது தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள்.

ஜி.எஸ்.டி. சாலையோரம் தினகரனுக்குப் பெயிண்டுக் கடை. அப்பா நிலங்களை விற்றபோது சாலையை ஒட்டி ஒரு துண்டை மட்டும் விற்காமல் விட்டிருந்தார். அதில் கட்டிய கடை. வீடு பின்தெருவில். வீட்டில் அவன், சாமுண்டீஸ்வரி, கணவன் போனபிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்ட அக்கா பொன்னியம்மாள், மகள் ஓவியா.

ஓவியாவுக்கு ஆறு வயது. மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு வரவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். யாராவது தொட்டால் சூடு பட்டதுபோலத் துள்ளுவாள். ஆனால் கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் இருக்கிறதே, மிக்ஸியைப் போலப் பத்து மடங்கு இரைச்சல் போடுமே, அதன் முன்னால் காதைப் பொத்தாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். ஏன் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் பார்ப்பதற்காகவே தினகரன் ஒரு வெள்ளை டப்பாவைத் தனியாக வைத்திருந்தான். அவள் கடைக்கு வரும்போதெல்லாம் அதை மாட்டிக் குலுக்குவான். உலகத்தில் அவ்வளவு குலுக்கப்பட்ட வெள்ளை வேறெங்கும் கிடையாது. அதை எடுத்து ஒரு சுவரில் அடித்திருந்தால் தாம்பரத்துக்கே தெருவிளக்கு தேவைப்பட்டிருக்காது.

ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கவேண்டியிருந்தது. லாரியும் பஸ்ஸும் சீறிக்கொண்டு போகிற சாலை. தினகரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் போட்ட கூச்சலில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. கூட்டம் கூடிவிட்டது.

"யோவ், யாருதுய்யா கொயந்த?"

"என் பொண்ணுதாங்க."

"உன் பொண்ணுன்னா ஏன் இப்டி கத்துது? பாப்பா, இவரு உங்கப்பாவாம்மா? சொல்லும்மா, அப்பாவா?"

ஓவியா அவர்களையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. எதிரே போன பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் தினகரன் சட்டையைப் பிடித்துவிட்டான். நல்லவேளையாகக் காய் வாங்கப் போயிருந்த பொன்னியம்மாள் முருங்கைக்காயை ஓங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"கைய எட்றா! இந்த மூஞ்சியப் பாத்தா புள்ள புடிக்கிற மூஞ்சி மாரியா கீது? ஒரு நாய்க்குட்டி கொலச்சா நடுரோட்ல நின்னுகினு அழுவறவன்டா என் தம்பி!"

"அட ஆமாம்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவரு நாய்க்குப் பயப்படற பெயிண்டுக் கடைக்காரரு."

அந்தப் பெயர்தான் அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது. கூட்டம் சிரித்துக்கொண்டு கலைந்தது. சிரிக்காதவன் அவன் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தான் பிய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அவ என்ன அப்பான்னு கூப்பிடலேன்னாலும் பரவால்ல சாமு. அவ கை தானா வந்து என்மேல ஒரு தடவ படணும். நான் புடிச்சு இழுத்து இல்ல. தானா. அது போதும் எனக்கு."

சாமுண்டீஸ்வரி தைப்பதற்குப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். "எனக்காவது தூக்கத்துல கால மேல போடுறா," என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

அவள்தான் சேலையூரில் அந்தத் தெரபி மையத்தைக் கண்டுபிடித்தாள். எப்சி என்று ஒரு பெண் அதை நடத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் மற்றப் பயிற்சிகள் நடந்தபின், சனிக்கிழமை வேறொரு கிளாஸ் இருக்கிறது, வாருங்கள் என்றாள். என்ன கிளாஸ் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். கணவனிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை தினகரன் கதவைத் திறந்தான். அறையின் நடுவில், பாயின்மேல், பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டியளவு ஒரு லேப்ரடார் படுத்திருந்தது. அடுத்த கணம் அவன் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தான். எப்படி ஏறினான் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. கண் இமைப்பதற்குள் நடந்துவிட்டது.

"தம்பி, இறங்குங்க. சேரு தாங்காது," என்றாள் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள். "மஸ்கோத்து ஒண்ணும் செய்யாது."

"அது உங்களுக்குத் தெரியும் டீச்சர். அதுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் ரத்தினபாய். குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். வீடு அஸ்தினாபுரத்தில், சொந்த ஊர் தெற்கே முதலூர். அந்த ஊர் மஸ்கோத் அல்வாவின் நிறத்தில் இருந்ததால் குட்டிக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டாள். வளர்ந்தபின் நாயும் அல்வாவைப் போலவே ஆகிவிட்டது. கனம், மென்மை, அசைத்தால் கொஞ்சம் ஆடும். முறையாகப் பயிற்சி கொடுத்து, சோதித்து, சான்றிதழ் வாங்கிய பிறகுதான் குழந்தைகளிடம் அழைத்து வந்துகொண்டிருந்தாள்.

ஓவியா அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பாயின் ஓரத்தில் படுத்தாள். மஸ்கோத் அவளைப் பார்க்கவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை. கொட்டாவி விட்டது. அவள் உருண்டு கிட்டத்தில் வந்தாள். இன்னும் கிட்டத்தில். காதை அதன் வயிற்றில் வைத்தாள். அப்புறம் அவள் கை எழுந்து, காற்றில் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாயின் முதுகில் இறங்கியது.

தானாக.

"அவசரப்படுத்தாம, கேள்வி கேக்காம பக்கத்துல இருக்க நாயால முடியுது சார்," என்று எப்சி தாழ்ந்த குரலில் சொன்னாள். "நம்ம முகத்துல ஒரே நேரத்துல நூறு விஷயம் ஓடும். இவளுக்கு அது சந்தைக்குள்ள நிக்கிற மாதிரி. நாய் முகத்துல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். எல்லாப் பிள்ளைக்கும் ஒத்து வராது. இவளுக்கு ஒத்து வருது, பாருங்க."

தினகரன் நாற்காலிமேல் நின்றபடியே பார்த்தான். ஆறு வருஷமாகத் தான் காத்துக்கிடந்த கை, ஜென்மப் பகையாளியின் முதுகில் போய் உட்கார்ந்திருந்தது.

"நாய்மேல பொறாமப்படற அப்பன ஊர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் சாமுண்டீஸ்வரி, வீடு திரும்புகையில். அவள் சொன்னது சரிதான்.

எப்சி ஓவியாவுக்குத் தடவும் முறையைக் கற்றுக்கொடுத்தாள். உள்ளங்கையை விரித்து நெற்றியில் தொடங்கவேண்டும், பிடரி வழியாக இறங்கவேண்டும், முடி போகிற போக்கில் போகவேண்டும். "மெதுவா... மெதுவா..." ஓவியாவின் உதடுகளும் அதையே அசைத்துப் பார்த்தன. 'வா' என்றால் மஸ்கோத் வரும். 'உக்காரு' என்றால் உட்காரும். எழுப்புவதில்தான் சிக்கல். எப்சி 'எழுந்திரு' என்றாள், 'ஓகே' என்றாள், 'அப்' என்றாள். மூட்டையாவது அசைந்திருக்கும், அது அசையவில்லை. ரத்தினபாய் ஒவ்வொரு வாரமும் தலையைச் சொறிந்துகொண்டு, குனிந்து அதன் காதில் என்னவோ முணுமுணுப்பாள். உடனே எழுந்துவிடும். என்னதான் சொல்கிறீர்கள் என்று எப்சி மடக்கியபின்தான் விஷயம் வெளியே வந்தது.

ரத்தினபாயின் கணவர் சுந்தர்சிங்குக்கு ரயில்வேயில் வேலை. தினமும் சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம். சுந்தர்சிங் ஜெபிக்கத் தொடங்கினால் வீட்டாரை முடித்து, சபையாரை முடித்து, முதலூரில் உள்ள உறவு முறையை முடித்து, தண்டவாளத்தில் ஓடுகிற அத்தனை ரயில்களுக்கும் வருவார். தாமதமாக ஓடுகிறவற்றுக்குத் தனியாக. குக்கரை ஏற்றிவிட்டு முழங்காலிட்டால் சாதம் கஞ்சியாகிவிடும். குட்டியாக உட்கார்ந்த மஸ்கோத் 'ஆமென்' கேட்டபோது வளர்ந்த நாயாகத்தான் எழுந்தது என்று அஸ்தினாபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆமென் சொன்னதும் ஆளுக்கொரு பிஸ்கட், நாய்க்கும் ஒன்று. பிறகு எந்தப் பயிற்சிக்காரர் வந்து எந்தச் சொல்லைப் பழக்கினால் என்ன? மஸ்கோத்தைப் பொறுத்தவரை எழுவதற்கு அது ஒன்றுதான் உத்தரவு.

"எங்க வீட்டுத் தப்புதான் எப்சி," என்றாள் ரத்தினபாய், முகம் சிவந்து. "மாத்திரலாம்னு பாத்தேன். எழும்ப மாட்டேங்குதே."

எப்சி சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரி, "நாய் எழுந்தா சரி," என்றுவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம். மஸ்கோத் படுத்திருந்தது. ஓவியா அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சே வராது என்று எல்லாரும் நினைத்திருந்த வாயிலிருந்து, மணி அடித்தாற்போல வந்தது: "ஆமென்."

மஸ்கோத் எழுந்து உடம்பை உதறியது. மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலியிலிருந்து அந்நேரத்துக்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வரை முன்னேறியிருந்த தினகரன், கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டான்.

அடுத்த சில வாரங்களில் 'வா', 'உக்காரு' இரண்டும் அவள் வாயில் வந்துவிட்டன. சிக்கல் வீட்டில் வந்தது, 'ஆமென்'னால். எதையும் முடிப்பதற்கு அதுதான் சொல் என்று ஓவியா எடுத்துக்கொண்டுவிட்டாள். சாப்பிட்டு முடித்தால் "ஆமென்" என்று தட்டைவிட்டு எழுந்தாள். குளித்து முடித்தால் ஆமென். ஷேர் ஆட்டோ நின்றால் ஆமென். ஏறியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பதற்கு முன், பூசாரி கற்பூரத்தைக் காட்டிக் கண்ணை மூடி நின்றபோது, அவர் நின்றது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஆமென்."

பொன்னியம்மாள் வீட்டுக்கு வந்து கூந்தலை அவிழ்த்து முடிந்தாள். சண்டைக்கு முன்னால் அவள் செய்வது அது.

"இன்னாடா நடக்குது இந்த வூட்ல? மாரியாத்தா எதுர்ல நின்னுகினு எம்மருமவ இன்னா சொன்னா தெரியுமா? பூசாரி என்னப் பாக்குறாரு, நான் கூழுப் பானையப் பாக்குறேன்."

"அக்கா, அவ வாயத் தொறந்து பேசினாளே, அதப் பாரு."

"அம்மான்னு பேசட்டும், ஆத்தான்னு பேசட்டும். உலகத்துல வேற வார்த்தையா இல்ல?"

"அது சாமி வார்த்த இல்லக்கா அவளுக்கு. நாய் வார்த்த."

"தா, இது இன்னும் மோசம்! சர்ச்சுக்காரங்க காதுல வுழுந்தா அவங்களும் சண்டைக்கு வருவாங்கடா!"

சாமுண்டீஸ்வரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினாள். அன்றைக்கு ஊஞ்சலைவிட்டு இறங்கமாட்டேன் என்று ஓவியா உட்கார்ந்திருந்தபோது, பொன்னியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மிகச் சன்னமாக அந்த வார்த்தையைச் சொல்லி இறக்கிக் கூட்டிவந்ததை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நாயை வெளியே நடத்திக்கொண்டு போவது அடுத்த கட்டம். அதற்கு இரண்டு கயிறு. நீளமான கறுப்புக் கயிறு பெரியவர் கையில், குட்டையான சிவப்புக் கயிறு குழந்தை கையில். இரண்டும் நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டியிருக்கும். முதல் சில வாரங்கள் கறுப்புக் கயிறு ரத்தினபாயிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் நேராக ஜன்னலுக்கு வந்து அதைத் தினகரனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க தம்பி. இன்னைக்கு நான் பின்னால வாரேன்."

"டீச்சர், எனக்கு... இந்த ஊசி இருக்குது பாருங்க, இவ்ளோ நீளம்..."

"பிள்ளை காத்துக்கிட்டு நிக்கா."

ஓவியா சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

எப்சி சொன்னாள்: "குழந்தை கையைப் பிடிக்காதீங்க சார். கயித்த மட்டும் பிடிங்க."

தினகரன் மாரியாத்தாவை வேண்டிக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று சுந்தர்சிங்கின் ஆண்டவரையும் வேண்டிக்கொண்டான். கயிற்றைப் பிடித்தான். அந்த முதல் நடையில் அவன் உடம்பிலிருந்து வழிந்த வியர்வையில் சேலையூர் ஏரி ஒரு விரற்கடை உயர்ந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பியபோதுதான் பக்கத்தில் பார்த்தான். ஓவியா அவனோடு நடந்துகொண்டிருந்தாள். யாரும் இழுக்கவில்லை, கூச்சல் இல்லை. அவனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு நாய் அகலம்தான் இடைவெளி. அவ்வளவு கிட்டத்தில் அவள் அதற்கு முன் நடந்ததே இல்லை.

அதன்பிறகு வாரத்தில் அவனுக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிடுவான். வெளிர்நீலம் கேட்டு வந்தவருக்கு அல்வா நிறத்தைக் கலந்து கொடுத்துவிட்டான் ஒருமுறை. மற்ற நாய்களிடம் பயம் அப்படியேதான் இருந்தது. மஸ்கோத்தை அவன் நாய்க் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டான்.

ஒருநாள் நடந்து முடித்துப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மஸ்கோத்தின் முதுகில் ஓவியாவின் கை இருந்தது. தினகரன் தன் கையையும் அங்கே வைத்தான். இரண்டு கைக்கும் நடுவே கொஞ்சம் ரோமம், அவ்வளவுதான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் விரல் இந்தப் பக்கம் நகர்ந்ததுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து உட்கார, மஸ்கோத் தோலைச் சிலிர்த்தது. அவன் கை வழுக்கி அவள் சுண்டுவிரலில் பட்டுவிட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

"பரவால்ல," என்று அவன் சொன்னான். நாயிடம்தான் சொன்னான்.

சுந்தர்சிங் ஓய்வு பெற்றார். மஸ்கோத்துக்கும் இடுப்பு எலும்பு தேய்ந்து படியேற முடியவில்லை. இனி வேலை வேண்டாம் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தினபாயும் வேலையை விட்டுவிட, மூவரும் முதலூருக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. கடைசிச் சனிக்கிழமை ரத்தினபாய் சிவப்புக் கயிற்றைக் கழற்றி ஓவியாவின் கையில் கொடுத்தாள். கறுப்புக் கயிற்றோடு மஸ்கோத் வேனில் ஏறியது. ஏறுவதற்கு அதைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. தூக்கியவன் தினகரன். கீழே இறக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று ரத்தினபாய் பிற்பாடு சொன்னாள். நாய்க்குப் பயப்படுகிறவன் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேனை மறித்த கதை சேலையூரில் இப்போதும் நடமாடுகிறது.

வேறொரு நாய் பழகித் தயாராக இன்னும் சில மாதம் ஆகும் என்றாள் எப்சி. ரத்தினபாய் போனில் வீடியோ போட்டு மஸ்கோத்தைக் காட்டினாள். ஓவியா திரையைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

சனிக்கிழமைகளில் கயிற்றைப் பிடித்தபடி கேட்டருகே போய் நின்றாள். தினகரனும் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு நாய் அகலம் விட்டு, நின்றான். இரண்டு பேருக்கும் ஒரே ஆளுக்காகத்தான் காத்திருப்பு. வெயில் ஏறியபின் உள்ளே வந்தார்கள்.

வந்த மூன்று வார்த்தைகளும் போய்விட்டன. சாப்பிட்டு முடித்தபின் காலித் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுவதற்கு வார்த்தை இல்லை. எதிரே பொன்னியம்மாள் கன்னத்தில் கைவைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி என் கண்ணு. ஆமென்னு சொல்லு. அத்த ஒண்ணியும் சொல்லமாட்டேன்."

ஓவியா சொல்லவில்லை.

தினகரன் ஜி.எஸ்.டி. சாலை நடைபாதையில் தேடி, இருப்பதிலேயே பெரிய பொம்மை நாய் ஒன்றை வாங்கினான். பழுப்பு நிறம்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துத் துண்டால் தன்னோடு கட்டிக்கொண்டு வந்தான். பெருங்களத்தூரிலிருந்து இரும்புலியூர் வரைக்கும் உள்ள தெருநாய்கள் அத்தனையும் அன்றைக்கு அவனைத் துரத்தின. இரண்டு கால்களையும் தூக்கி ஹேண்டில்பார்மேல் வைத்தபடி, முதுகில் ஒரு நாயும் பின்னால் ஒரு பட்டாளமுமாக அவன் தெருவுக்குள் நுழைந்த காட்சியைப் பார்த்த இட்லிக் கடைக்காரி, சிரித்துச் சிரித்து அன்று மாவே கரைக்கவில்லை.

ஓவியா சிவப்புக் கயிற்றின் கொக்கியைப் பொம்மையின் கழுத்தில் மாட்டினாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு கழற்றிக்கொண்டாள். பொம்மையைப் பொன்னியம்மாள் மொட்டைமாடியில் வடகம் காயும்போது காக்கை ஓட்ட வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம். சனிக்கிழமைதான். தினகரன் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, கேட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றக் குனிந்தான். இடுப்பில் பெல்ட் வளையத்தில் கடைச் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. டக் என்று ஒரு சத்தம். குனிந்தவாக்கில் திரும்பிப் பார்த்தான். சாவி வளையத்தில் சிவப்புக் கயிறு மாட்டியிருந்தது. மறுமுனை ஓவியாவின் கையில்.

"வா," என்றாள்.

அவன் ஒரு செருப்போடு போனான்.

தெருவில் இட்லிக் கடை கூட்டம் கூடியிருந்தது. வாட்டர் கேன் வண்டிக்காரன், ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள், எல்லாரும் பார்த்தார்கள். பெயிண்டுக் கடைக்காரரை அவர் மகள் நாயை நடத்துவதுபோல் நடத்திக்கொண்டு போகிறாள். அவரும் போகிறார். மிக ஒழுங்காகப் போகிறார். கயிறு இறுகவும் இல்லை, தொங்கவும் இல்லை. மஸ்கோத்திடம் கற்ற நடை.

"இன்னா சார், வாக்கிங்கா?" என்றான் ஆட்டோக்கார அரிகிருஷ்ணன். "யார் யாரக் கூட்டிகினு போறீங்க?"

தினகரன் திரும்பவில்லை. தெருமுனையில் பால் பூத் வாசலில் கறுப்பு நாய் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். அந்தப் பக்கம் அவன் பல வருஷமாகப் போனதில்லை. பால் வாங்குவதே பொன்னியம்மாள்தான். கயிறு அந்தப் பக்கம்தான் போனது. கயிற்றைப் பிடித்து நிறுத்தலாம், ஒரு நொடி வேலை. நிறுத்தவில்லை.

நாய்க்கு முன்னால் வந்ததும் ஓவியா நின்றாள்.

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான். நடுத்தெருவில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு. கறுப்பு நாய் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. எழுந்து வந்து, அவன் காதருகே ஒரு மூச்சு விட்டு, அவனை ஒட்டினாற்போல் தானும் உட்கார்ந்துகொண்டது. அவன் கண்ணை இறுக்கிக்கொண்டான். தொப்புளைச் சுற்றி அந்தப் பழைய ஊசிகள் எல்லாம் ஒருசேரக் குத்தின.

அப்போது நெற்றியில் ஏதோ பட்டது. சின்னதாக, கொஞ்சம் ஈரமாக, விரித்த உள்ளங்கை. நெற்றியில் தொடங்கி, உச்சந்தலை ஏறி, பிடரியில் இறங்கியது. முடி போகிற போக்கில்.

"மெதுவா," என்று ஓவியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "மெதுவா."

கை திரும்பவும் நெற்றிக்கு வந்தது.

அதற்குள் சுற்றிலும் ஆட்கள். "இன்னா சார், மயக்கமா?" "சாவி எதனா வுழுந்துச்சா?" "அட, பக்கத்துல நாய் கீதுய்யா, இவரு எப்டி உக்காந்துகினு கீறாரு?" சாமுண்டீஸ்வரி மாவுக் கையோடு ஓடி வந்து, பார்த்து, நின்றுவிட்டாள். பொன்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"டேய் தினா, எய்ந்திருடா. ரோட்ல இன்னாடா இது?"

அவன் அசையவில்லை. பொன்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரலைத் தழைத்துக்கொண்டாள்.

"ஓவியாக் கண்ணு, உங்கப்பனுக்கு முட்டி வலிடி. அந்த வார்த்தயச் சொல்லு. அவன் எய்ந்திருக்கட்டும்."

ஓவியாவின் விரல்கள் அவன் தலைமுடியில் எங்கேயோ நின்றிருந்தன. காலையில் தெறித்துக் காய்ந்துபோன வெள்ளைப் பெயிண்ட் ஒரு துளி அங்கே இருந்தது. அவள் அதை நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை.

"சொல்லமாட்டேங்குது," என்றாள் பொன்னியம்மாள். "நானாச்சும் சொல்லட்டாடா?"

தினகரன் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்தான்.

"வேணாங்கா. நீ சொல்லிடாத."

பெயிண்ட் துளி உதிர்ந்தது. உள்ளங்கை மறுபடியும் அவன் நெற்றிக்கு வந்தது.